வார்டா, வீடா? மயங்கி விழுந்தவருக்குக் கணினி போடும் மதிப்பெண்

சராசரியாக 12 விநாடி. மயங்கி விழுந்த மனிதர் நினைவில்லாமல் கிடக்கும் நேரம் அவ்வளவுதான். 1994இல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் லெம்பர்ட்டும் குழுவினரும் நல்ல உடல்நலமுள்ள சிலரை வேண்டுமென்றே மயங்கவைத்து வீடியோவில் பதிவுசெய்தார்கள். வேகவேகமாக மூச்சுவிட்டு, சட்டென்று எழுந்து, மூச்சை அடக்கி முக்கினால் யாருக்கும் கண் இருட்டும். அப்படி முழுதாக நினைவிழந்த 42 பேரில் 38 பேருக்குக் கை கால் வெட்டி இழுத்தது. பலருக்குக் கண் திறந்தபடியே மேலே செருகியது. பார்க்கிறவர்களுக்கு அது வலிப்பு. நம்மூராக இருந்தால் இந்நேரம் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி உள்ளே ஓடியிருப்பார். சாவி வருவதற்குள் 12 விநாடி முடிந்து ஆள் தானாகவே விழித்துக்கொள்வார். பேர் சாவிக்குப் போய்விடும்.

மருத்துவர்களின் தலைவலியும் அந்த 12 விநாடியில்தான் தொடங்குகிறது. நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவை வந்தடையும்போது நோய் போயிருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நன்றாகப் பேசுகிறார், பிரஷர் சரியாக இருக்கிறது, “ஒன்றுமில்லை டாக்டர், வீட்டுக்குப் போகலாமா?” என்று அவரே கேட்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. வெயிலில் வெகுநேரம் நின்றதாலோ ரத்தத்தைப் பார்த்ததாலோ வேகஸ் என்னும் நரம்பு சற்று அதிகமாக வேலைசெய்து, நாடி தளர்ந்து, ரத்தக் குழாய்கள் விரிந்து, மூளைக்கு ஒரு கணம் ரத்தம் போதாமல் போயிருக்கும். 1932இல் தாமஸ் லூயிஸ் இதற்கு வேசோவேகல் என்று பெயர் வைத்தார். தரையில் சாய்ந்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பிவிடும். விழுவதே அதற்கு வைத்தியம்.

ஆனால் அதே நாற்காலியில் அதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு இதயம் சில விநாடி தாறுமாறாக ஓடித் திரும்பியிருக்கலாம். அடுத்த முறை அது திரும்பாமலும் போகலாம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர்மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்துவரும் ஆய்வு 2002இல் இந்த வேறுபாட்டை எண்ணிக்கையோடு காட்டியது. 7,814 பேரைச் சராசரியாக 17 ஆண்டுகள் தொடர்ந்ததில் 822 பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். வேசோவேகல் மயக்கம் வந்தவர்களின் ஆயுளுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. இதயத்தால் மயங்கியவர்கள் இறக்கும் வாய்ப்போ மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. கூடவே சங்கடமான ஓர் எண்ணும் இருந்தது: மூன்றில் ஒருவருக்கும் மேலாக, ஏன் மயங்கினார் என்ற காரணமே பிடிபடவில்லை.

காரணம் பிடிபடாதபோது மருத்துவமனைகள் செய்வது எதுவோ அதையே செய்தார்கள்: “எதற்கும் அட்மிட் பண்ணிடலாம்.” மினசோட்டா மாநிலம் ரோச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நடுத்தர ஆபத்துள்ளவர்களில் வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 98% பேர் வார்டுக்குப் போனார்கள். மயக்கத்துக்கென்றே தனி அறை அமைத்து, சில மணி நேரம் ஒழுங்காகக் கண்காணித்துச் சோதித்த மற்றொரு பாதியில் 43% பேர்தான் சேர்க்கப்பட்டார்கள். மயக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்ப்பதற்கு மட்டும் அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 240 கோடி டாலர் செலவழிக்கிறது என்ற மதிப்பீடும் அந்தக் காலத்தில் வெளிவந்ததுதான். யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை இயந்திரத்திடம் கேட்டால் என்ன என்ற எண்ணம் இப்படிப்பட்ட கவலையிலிருந்துதான் பிறந்தது.

முதலில் பெயர்பெற்றது சான் பிரான்சிஸ்கோ விதி. ஜேம்ஸ் க்வின் குழு 684 நோயாளி வருகைகளை வைத்து 2004இல் ஐந்து கேள்விகளை உருவாக்கியது: இதயச் செயலிழப்பு முன்பு இருந்ததா, ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 30%க்குக் கீழா, ஈசிஜியில் கோளாறா, மூச்சுத் திணறலா, மேல் பிரஷர் 90க்குக் கீழா. ஒன்றுக்காவது ஆம் என்றால் தங்கவைக்க வேண்டும். ஐந்துக்கும் இல்லை என்றால் வீடு. அந்த மருத்துவமனையின் தரவில் இது ஆபத்துள்ளவர்களில் 96% பேரைப் பிடித்தது. அதே குழு மறுபடி சோதித்தபோது 98%.

பிறகு மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துப் பார்த்தார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2008இல் நடந்த சோதனையில் அதே விதி 74%தான் பிடித்தது. நூறு ஆபத்தான நோயாளிகளில் 26 பேரை “வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்லும் விதியை எந்த மருத்துவர் நம்புவார்? ஈசிஜியில் கோளாறு என்பதற்கு ஒருவர் கொள்ளும் பொருள் இன்னொருவருக்கு வேறு. வருகிற நோயாளிகளும் வேறு. பிறந்த வீட்டில் கெட்டிக்காரனாக இருந்த பிள்ளை வெளியூர்ப் பள்ளியில் தேறவில்லை. கணினி மாதிரிகளின் வரலாற்றில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும்.

இத்தாலியர்கள் 2003இலேயே நான்கு கேள்வி கொண்ட ஒரு மதிப்பெண் வைத்திருந்தார்கள். எடின்பரோவில் மேத்யூ ரீட் குழு 2010இல் ரோஸ் என்ற விதியைக் கொண்டுவந்தது. பெயர் மணத்தாலும் அதன் ஒரு படியில் மலக்குடலில் விரல்விட்டு ரத்தக்கசிவு பார்க்க வேண்டும். அது பரவாததற்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. 2014இல் மிலானின் ஜார்ஜோ கோஸ்தன்தினோ பல ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார். எந்த மதிப்பெண்ணும் அனுபவமுள்ள மருத்துவரின் மதிப்பீட்டைவிட மேலாகத் தேறவில்லை.

இந்த இடத்தில்தான் கனடா வருகிறது. ஒட்டாவா மருத்துவமனை ஆராய்ச்சி நிறுவனத்தின் அவசர சிகிச்சை மருத்துவர் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தி. உலகெங்கும் மாநாட்டு மேடைகளில் இந்தப் பெயரை உச்சரிக்க முடியாமல் எத்தனை பேர் திணறியிருப்பார்களோ, தமிழருக்கு அந்தச் சிரமமில்லை. 2016இல் அவருடைய குழு வெளியிட்டதுதான் கனடிய மயக்க ஆபத்து மதிப்பெண். ஆறு அவசரப் பிரிவுகள், 4,030 நோயாளிகள். 30 நாளுக்குள் மரணமோ, இதயத் துடிப்புக் கோளாறோ, மாரடைப்போ, பெரிய ரத்தப்போக்கோ நேர்ந்தவர்கள் 147 பேர், அதாவது 3.6%.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த அன்றே ஆபத்தான நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள், குடிபோதையில் விழுந்தவர்கள், தலையில் அடிபட்டு நினைவிழந்தவர்கள் எல்லாரும் வடிகட்டப்பட்டார்கள். மருத்துவர் எல்லாம் பார்த்த பிறகும் எதுவும் கண்ணில் தட்டுப்படாத மிச்சப் பேருக்குத்தான் இந்த மதிப்பெண். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மயங்கியவரிடம் போய் இதைக் கணக்கிடுவது, தேர்வு எழுதாதவனுக்கு மார்க் போடுவதைப் போன்றது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒன்பது கேள்விகள், கடைசி இரண்டும் ஒரே வரியில். வெக்கை, கூட்டம், வெகுநேரம் நிற்றல், பயம், வலி போன்ற சூழலில் விழுந்திருந்தால் ஒரு மதிப்பெண் குறையும். இதயநோய் முன்பே இருந்தால் ஒன்று கூடும். மேல் பிரஷர் 90க்குக் கீழோ 180க்கு மேலோ ஒருமுறை போயிருந்தால் இரண்டு. இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருந்தால் இரண்டு. ஈசிஜியில் மூன்று அளவுகள் உண்டு: க்யூஆர்எஸ் அச்சு வழக்கத்துக்கு மாறாகத் திரும்பியிருந்தால் ஒன்று, க்யூஆர்எஸ் அகலம் 130 மில்லி விநாடியைத் தாண்டினால் ஒன்று, திருத்திய க்யூடி 480ஐத் தாண்டினால் இரண்டு. கடைசியாக, கவனித்த மருத்துவர் “இது வேசோவேகல்தான்” என்று முடிவுகட்டியிருந்தால் இரண்டு குறையும், “இதயத்தால் வந்தது” என்றால் இரண்டு கூடும், தெரியவில்லை என்றால் பூச்சியம். மொத்தம் மைனஸ் 3இலிருந்து 11 வரை.

ரத்ததானம் செய்துவிட்டு எழும்போது விழுந்த 22 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சூழலுக்கு மைனஸ் 1, மருத்துவர் சொல்லுக்கு மைனஸ் 2. மொத்தம் மைனஸ் 3. அடுத்த 30 நாளில் கெட்டது நடக்க வாய்ப்பு 0.4%, ஆயிரத்தில் நான்கு பேர். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்.

இப்போது 72 வயதுப் பெரியவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எந்த அறிகுறியும் இல்லாமல் சாய்ந்துவிட்டார். பழைய மாரடைப்புக்கு 1, அச்சு மாற்றத்துக்கு 1, அகலம் 140 என்பதால் 1. ட்ரோபோனின், பிரஷர் சரி. மருத்துவர் “இதயம்தான்” என்று எழுதினால் மேலும் 2. கூட்டினால் 5, ஆபத்து 19.7%. அவருக்கு வார்டுதான்.

அதே பெரியவர், அதே ஈசிஜி, அதே ரத்தம். ஆனால் பணியிலிருக்கும் மருத்துவர் “காரணம் தெரியவில்லை” என்கிறார். மதிப்பெண் 3, ஆபத்து 8.1%. இன்னொரு மருத்துவர், வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் ராத்திரியில், “வேசோவேகலாகத்தான் இருக்கும்” என்கிறார். மதிப்பெண் 1, ஆபத்து 3.1%. நோயாளியிடம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மருத்துவரின் பேனா மாறியது, ஆபத்து ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

இந்த மதிப்பெண்ணைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு கூட்டலுக்குள் அடங்கும். இயந்திரம் மருத்துவரைவிடச் சரியாகச் சொல்கிறதா என்று கேட்கிறோம். இயந்திரமோ மருத்துவரையே கேட்டுத்தான் பதில் சொல்கிறது. கேள்விகளில் தனித்துக் கனமானது அந்தக் கடைசி வரிதான். மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டுவரை நான்கு மதிப்பெண் அகலமுள்ள வரி வேறெதுவும் பட்டியலில் இல்லை.

2020இல் ஒன்பது கனடிய அவசரப் பிரிவுகளில் 3,819 புதிய நோயாளிகளிடம் மதிப்பெண்ணைச் சோதித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை. மிகக் குறைந்த ஆபத்து, குறைந்த ஆபத்து என்ற இரண்டு பிரிவிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏதும் நடந்தது. மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவில் பாதிப் பேருக்கு நடந்தது. இது நல்ல தேர்ச்சி, சந்தேகமில்லை. 2022இல் சுவிட்சர்லாந்தின் பாசலை மையமாகக் கொண்ட குழு எட்டு நாடுகளில் 2,283 நோயாளிகளிடம் பார்த்தது. அங்கேயும் மதிப்பெண் இத்தாலியப் பழைய கணக்கை வென்றது. ஆனால் வெற்றிக்குப் பெரும் பங்கு யாருடையது என்று பிரித்துப் பார்த்தபோது, அது “எந்த வகை மயக்கம்” என்ற மருத்துவரின் அந்த ஒற்றை வரிக்கே போனது.

எனவே மதிப்பெண் வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மருத்துவரின் உள்ளுணர்வுக்கு ஓர் எல்லை கட்டி, அவர் மறக்கக்கூடிய க்யூடி அளவையும் பிரஷரையும் மறக்கவிடாமல் கேட்கிறது. இரவு மூன்று மணிக்கு, பயிற்சி முடித்து ஆறு மாதமான இளம் மருத்துவரையும் மூத்த மருத்துவர் பார்க்கும் ஒன்பது விஷயங்களையும் பார்க்கவைக்கிறது. அதன் பயன் கூட்டலில் இல்லை, கேட்டு வாங்குவதில் இருக்கிறது.

எந்திரக் கற்றல், நரம்பு வலையமைப்பு என்று பெயர்கள் மாறினாலும் இது மாறியதாகத் தெரியவில்லை. ஒட்டாவாவின் அதே 4,030 பேர் தரவை நவீன எந்திரக் கற்றல் முறைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. பழைய பள்ளிக்கூடப் புள்ளியியலுக்கு இணையாகத்தான் அவை வந்தன, தாண்டவில்லை. 147 நிகழ்வுகளுக்குள் எவ்வளவுதான் புதைந்திருக்கும்? லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பூனையை அடையாளம் காணும் நிரலுக்கு இங்கே தீனி போதாது. தரவு சிறியதாக இருக்கும்போது எளிய கணக்கும் சிக்கலான கணக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். எளியதற்கு ஒரு லாபமும் உண்டு: அதைக் காகிதத்தில் போட்டு நோயாளிக்கே காட்டலாம்.

தரவு எங்கிருந்து வருகிறது என்பது தரவின் அளவைவிட முக்கியம். அதற்கு மயக்கத்தின் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2016இல் இத்தாலியின் 11 மருத்துவமனைகளில், முதல் முறை மயங்கிச் சேர்க்கப்பட்ட 560 பேரை ஆராய்ந்தபோது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. உலகம் பதறியது. மயங்கி வந்தவர்களுக்கெல்லாம் நுரையீரல் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று பேச்சு எழுந்தது. இரண்டே ஆண்டில், கனடா, டென்மார்க், இத்தாலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்க நோயாளிகளைப் பார்த்தபோது, அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் அந்த அடைப்பு 1%க்கும் கீழேதான் இருந்தது. முதல் ஆய்வு பொய்யில்லை. அது வார்டுக்குப் போனவர்களை மட்டும் எண்ணியது, வீட்டுக்குப் போனவர்கள் அதன் கண்ணில் படவில்லை. வார்டுத் தரவில் பழகிய கணினியிடம் வாசலில் நிற்பவரைக் காட்டினால் அது எல்லாருக்கும் ஸ்கேன் எழுதித்தரும். கனடிய மதிப்பெண்ணை வேறொரு நாட்டின் மருத்துவமனை அப்படியே எடுத்து ஒட்டுவதற்கு முன், தன் நோயாளிகளிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதனால்தான்.

மதிப்பெண் போடாமல் வேறு வழியில் கணினியைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி ஏனோ குறைவாகவே பேசுகிறார்கள். இத்தாலியின் மிக்கேலே பிரிஞ்ஞோலே 2006இல் வெளியிட்ட ஆய்வில், கணினி ஆபத்தைக் கணிக்கவில்லை. ஐரோப்பிய வழிகாட்டியைப் படிப்படியாக மருத்துவர் முன்னே வைத்தது: இதைக் கேட்டாயிற்றா, நின்ற நிலையில் பிரஷர் பார்த்தாயிற்றா, அப்படியானால் அடுத்தது இது. மென்பொருளோடு ஒவ்வொரு மருத்துவமனையிலும் பயிற்சிபெற்ற ஒருவரும் இருந்தார். முன்பு 47% ஆக இருந்த சேர்க்கை 39% ஆகக் குறைந்தது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக 3.4 சோதனை என்பது 2.6 ஆயிற்று. படுக்கை நாள் 8.1இலிருந்து 7.2. புரட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையான மருத்துவமனைகளில், உண்மையான நோயாளிகளிடம், செலவும் குறைந்து வேலையும் நடந்தது.

பிரிஞ்ஞோலேயோடு சேர்ந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் முகமது ஹம்தான் குழு இதையே மேலும் கொண்டுபோனது. அங்கே மயங்கி வந்த 254 பேரின் பழைய கோப்புகளை எடுத்து, தங்கள் நிரல் சொன்னபடி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தார்கள். சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகியிருக்கும். “நடந்திருந்தால்” என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பழைய கோப்பில் ஓட்டிப்பார்ப்பது வேறு, மூச்சுள்ள நோயாளியை வாசல்வரை அனுப்பிவைப்பது வேறு.

சரி, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அங்கே என்ன வைத்தியம்? இந்த இடத்தில் மதிப்பெண்கள் மௌனமாகிவிடுகின்றன. அவை யாருக்கு ஆபத்து என்று சொல்லும், ஏன் மயங்கினார் என்றோ மறுபடி மயங்காமலிருக்க என்ன செய்யலாம் என்றோ சொல்லாது. ஆயினும் ஒன்றில் ஒட்டாவாக் குழுவின் கணக்கு வீட்டு வாசல்வரை வருகிறது. 5,581 பேரைத் தொடர்ந்து 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குறைந்த ஆபத்துள்ளவர்களிடம் வெளிப்பட்ட துடிப்புக் கோளாறுகளில் பாதி இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களிடம் பாதி ஆறு மணி நேரத்துக்குள்ளும் தெரிந்துவிட்டன. ஆக, குறைந்த ஆபத்துள்ளவரை இரண்டு மணி நேரம் மானிட்டரில் பார்த்துவிட்டு அனுப்பலாம். நடுத்தர, உயர் ஆபத்துள்ளவர்களை ஆறு மணி நேரம் பார்த்து, அனுப்பும்போது 15 நாள் இதயத் துடிப்பைப் பதியும் கருவியோடு அனுப்பலாம் என்பது அவர்கள் பரிந்துரை. எடின்பரோவில் 86 பேரின் மார்பில் இப்படி ஒட்டும் பட்டையை ஒட்டி அனுப்பியதில், 90 நாளுக்குள் ஒன்பது பேருக்கு மயக்கத்தோடு சேர்ந்த கவலைக்குரிய துடிப்புக் கோளாறு பிடிபட்டது. வார்டுக் கட்டிலில் படுத்திருந்தால் இரண்டாம் நாளே டிஸ்சார்ஜ் ஆகி, அது பிடிபடாமலே போயிருக்கக்கூடும்.

இதயம் சரி என்று தெரிந்தபின் வேசோவேகல்காரருக்கு வேண்டியது மருந்துக்கடைச் சீட்டு அல்ல, பாடம். நெதர்லாந்தின் நிங்கே வான் டைக் 2006இல் வெளியிட்ட சோதனையில் 223 பேர். கண் இருட்டுகிற மாதிரித் தோன்றியதுமே கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது, இரு கைகளையும் கோத்து எதிரெதிராக இழுப்பது, கைப்பிடியை அழுத்துவது என்று பாதிப் பேருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். கற்காதவர்களில் சுமார் 51% பேர் மறுபடி மயங்கினார்கள். கற்றவர்களில் 32%. காலைப் பின்னிக்கொள்ள யாரும் காசு கேட்பதில்லை.

மருந்துகளின் கதை அவ்வளவு இனிக்கவில்லை. பீட்டா தடுப்பான் கொடுத்தால் கேட்கும் என்று பல ஆண்டுகள் நம்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். கனடாவின் ராபர்ட் ஷெல்டன் 208 பேரிடம் மெட்டோப்ரோலாலைச் சோதித்து 2006இல் முடிவைச் சொன்னார்: வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் செய்யவில்லை. 2021இல் மிடோட்ரின் என்ற மருந்து ஓரளவு தேறியது. 133 பேரில் அதைச் சாப்பிட்டவர்களில் 42% பேரும், சாப்பிடாதவர்களில் 61% பேரும் மயங்கினார்கள். தண்ணீரும் உப்பும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வது வழக்கம். ஆனால் பிரஷரோ இதயச் செயலிழப்போ உள்ளவர் உப்பு மோரை மருந்தென்று குடிக்கத் தொடங்கக் கூடாது. வயதானவர்களுக்கு இன்னும் எளிய ஒன்று பல நேரம் கைகொடுக்கும்: அவர்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவர் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது. ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்து குளியலறை வாசலில் விழும் தாத்தாவின் மயக்கத்துக்கு விடை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் கிடைக்கும்.

கணினி மாதிரி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆபத்தை எண்ணுவதற்குப் பதிலாக, ரத்த ஓட்டத்தையே சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது. 1972இல் ஆர்தர் கைட்டன் குழு உடலின் ரத்தச் சுற்றோட்டத்தை நூற்றுக்கணக்கான சமன்பாடுகளில் வரைந்தது. 2002இல் எம்ஐடியின் தாமஸ் ஹெல்ட் குழு, மனிதன் எழுந்து நின்றால் பிரஷர் எப்படித் தடுமாறி நிமிர்கிறது என்பதைக் கணினியில் நடத்திக் காட்டியது. விண்வெளியிலிருந்து திரும்பியவர்கள் தரையில் நிற்க முடியாமல் தவிப்பது அதன் பின்னணி. 1996இல் வெளியான ஓர் ஆய்வில் திரும்பிவந்த 14 பேரில் 9 பேரால் பத்து நிமிடம் தொடர்ந்து நிற்க முடியவில்லை. உங்கள் ரத்தக் குழாய்களின் அளவைக் கொடுத்தால் உங்களுக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எந்த மாத்திரை என்று ஒருநாள் அது சொல்லக்கூடும் என்பது ஆசை. அழகான ஆசைதான். இன்றைய அவசரப் பிரிவு வாசலில் அதற்கு இடமில்லை.

வாசலில் இன்றும் வேலைசெய்வது கேள்வி கேட்பதுதான். ஷெல்டன் 2002இல் வெளியிட்ட இன்னொரு கணக்குக்குக் கருவியே வேண்டியதில்லை. 671 நோயாளிகளிடமிருந்து எடுத்த சில கேள்விகள் மட்டும்: நாக்கைக் கடித்துக்கொண்டாரா, தலை ஒரு பக்கம் திரும்பியதா, வியர்த்ததா, வெகுநேரம் நின்றிருந்தாரா. மயக்கமா வலிப்பா என்பதை அது 94% சரியாகப் பிரித்தது. அந்தக் கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் நோயாளியிடம் இல்லை. அவர்தான் நினைவில்லாமல் கிடந்தாரே. பதில் பக்கத்தில் நின்றவரிடம் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால், சாவியைத் தேட ஓடாதீர்கள். படுத்தபடியே விட்டுக் காலைச் சற்று உயர்த்துங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் விழிக்கவில்லை என்றாலோ மூச்சு சரியில்லை என்றாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். விழித்துவிட்டால், மருத்துவமனைக்கு நீங்களும் கூடவே போய் இவற்றைச் சொல்லுங்கள்: நின்றபோது விழுந்தாரா, படுத்திருந்தபோதா, ஓடும்போதா, மாடி ஏறும்போதா? விழும் முன் வியர்த்ததா, நெஞ்சு படபடத்ததா, எதுவுமே இல்லாமல் சட்டென்று விழுந்தாரா? முகம் வெளுத்ததா, நாக்கைக் கடித்தாரா, எத்தனை விநாடியில் விழித்தார்? குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? படுத்திருக்கும்போதோ, ஓடும்போதோ, முன்னறிவிப்பின்றியோ வந்த மயக்கமென்றால், ஆள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் ஈசிஜி எடுக்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மருத்துவர் கணினியில் தட்டப்போகும் அந்தக் கடைசி வரி, பிளஸ் இரண்டா மைனஸ் இரண்டா என்பது, பெரும்பாலும் நீங்கள் சொல்வதை வைத்தே முடிவாகும்.